பந்தும் கிண்ணமும்

கறிக்கடை அக்காவுக்குக் கோபம் வந்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. எந்நேரமும் கையில் கத்தி வைத்திருக்கிறவளுக்குக் கோபம் வராமலிருப்பது தெருவுக்கே நல்லது என்று சிரித்துக்கொள்வோம்.

என் ஐஸ் டிப்போவுக்கும் அவள் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலை ஐந்து மணிக்கு ஆடு அறுக்கும் தொட்டியிலிருந்து வண்டி வரும். தோலுரித்த ஆடுகளை அவளே தோளில் சாய்த்து இறக்கிக் கொக்கியில் மாட்டுவாள். தரையைக் கழுவி விட்டு, ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு வெட்டுக்கட்டைக்கு முன்னால் நின்றால் மதியம் ஒரு மணி வரை நகர மாட்டாள். நடுவில் ஒரு டீ, இரண்டு அவித்த முட்டை. அதையும் நின்றபடியேதான் முடிப்பாள்.

அவள் தொடை பிரிப்பதைப் பார்க்க நான் வேலையை விட்டுவிட்டு நிற்பதுண்டு. மற்ற கடைகளில் தொடையையும் இடுப்பையும் ஓங்கி வெட்டித்தான் பிரிப்பார்கள். எலும்புச் சில்லு கறி முழுக்கத் தெறிக்கும். அக்கா சின்னக் கத்தியின் நுனியை மூட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டுவாள். பிறகு இடது கையால் காலைப் பிடித்து லேசாகத் திருகுவாள். 'டொப்' என்று ஒரு சத்தம். இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து தொடையெலும்பின் பந்து கழன்று வரும். அவித்து உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக, வழவழவென்று இருக்கும்.

"எலும்பை எவன் வேணா வெட்டுவான் தம்பி. மூட்டு எங்க இருக்குன்னு தெரியணும், அதான் வேலை" என்பாள்.

கடையின் முன்பக்கம் அவள் புருஷனுடையது. தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருப்பதால் அவர் பெயரே தராசு என்றாகிவிட்டது. நான் மாமா என்பேன். எடை போட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு கிண்டல் அடிப்பார். அவர் வாயைக் கேட்பதற்காகவே வரிசையில் நிற்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே மகள், தெருமுனை மருந்துக்கடையில் வேலை.

நான் சொல்லப்போவதற்கு ஏழு வருஷத்துக்கு முன் அக்காவின் இடுப்பு உடைந்தது. கழுவின தரையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதைப் பிறகு சொல்கிறேன். உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து ஒன்றை வைத்தார்கள். அது உட்காரும் கிண்ணமும் உலோகம்தான். நாள் முழுக்க நிற்கிறவள், ஆட்டைத் தூக்குகிறவள், பிளாஸ்டிக் கிண்ணம் சீக்கிரம் தேய்ந்துபோகும், உலோகத்தோடு உலோகம் என்றால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார் அன்றைய டாக்டர். மூன்று மாதத்தில் அவள் கடைக்குத் திரும்பினாள். அந்த மூன்று மாதமும் மாமாதான் அவளை நடக்கவைத்தார், வெந்நீர் வைத்துக் கொடுத்தார். புருஷன் என்றால் இப்படி இருக்கணும் என்று தெருவே பேசியது.

ஆறு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில்தான் சத்தம் ஆரம்பித்தது. அக்கா குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பிலிருந்து 'கீச்' என்று கேட்கும். துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்ல, என் பொண்டாட்டிக்கு எண்ணெய் விடணும்" என்பார் மாமா. எல்லாரும் சிரிப்பார்கள். அப்போது அவளும் சிரித்தாள்.

கொஞ்ச நாளில் காது மந்தமானது. ஈரல் கேட்டவனுக்கு எலும்பு போட்டாள். "என்னமோ காதுக்குள்ள குளிர்பெட்டி ஓடுற மாதிரியே இருக்கு தம்பி. வாயில வேற ஆணியைப் போட்டு அடக்கிக்கிட்ட மாதிரி ஒரு ருசி. டீ கூடப் பிடிக்கல" என்று என்னிடம் கத்திச் சொன்னாள். தான் கத்துவது அவளுக்கே தெரியவில்லை. தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாக மகளிடம் சொல்லியிருக்கிறாள். மகள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைத்தது வைத்த இடத்தில்தான் இருக்கிறது, இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் வரும் என்று வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

பிறகுதான் அவளுக்குக் கோபம் வர ஆரம்பித்தது.

கொழுப்பில்லாத கறி வேண்டும் என்று இரண்டு தடவை கேட்ட தையல்காரரின் முகத்தில் ஒரு முழு ஈரலை வீசினாள். சட்டை முழுக்க ரத்தத்தோடு அவர் வீட்டுக்குப் போக, அவர் மனைவி போட்ட கூச்சலைத் தெரு ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அடுத்த மாதம் கண்ணாடிப் பெட்டியை முஷ்டியால் குத்தி உடைத்தாள். முழங்கை வரை தோல் கிழிந்து தொங்க, அதோடு வெட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் அந்த நாய். நாலு வருஷமாக அவள் போடும் சவ்வைத் தின்று கடை வாசலில் கிடந்த நாய் அது. ஒருநாள் சவ்வை எடுக்கப்போனவளைப் பார்த்து உறுமியிருக்கிறது. எல்லா நாயும் தின்னும்போது உறுமும்தான். அக்கா இரும்புக் கொக்கியை எடுத்தாள். நான் டிப்போவிலிருந்து ஓடிப்போவதற்குள் ஏழெட்டு அடி விழுந்துவிட்டது. நாயின் சத்தம் நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். அவள் இதயம் ஏப்ரனையும் தாண்டி அடிப்பது என் கைக்குத் தெரிந்தது.

கொக்கியைக் கீழே போட்டுவிட்டு நாயைப் பார்த்தாள். "ஏன் தம்பி, எந்திரிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

மாமா அன்றைக்கு ஒரு கிண்டலும் அடிக்கவில்லை. சாயந்திரம் என் டிப்போவுக்கு வந்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். "பைத்தியம் பிடிச்சிருச்சுடா. ராத்திரி கத்தியெல்லாம் பூட்டி வச்சுட்டுத்தான் படுக்கிறேன்" என்றார். அவர் முகத்தில் பயம் இருந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அது நடந்த காலையிலும் மழை. வரிசை கடைக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு நின்றது. குடையிலிருந்து சொட்டிய தண்ணீரும் கறி கழுவிய தண்ணீரும் தரையில் கலந்து ஓடின. நான் ஐஸ் பாளத்தை இறக்கிவிட்டு, இடுக்கியோடு ஓரமாக நின்றிருந்தேன். அக்காவின் கை நடுங்கியது. மூட்டைச் சுற்றி ஓட்டிய கத்தி வழுக்கி எலும்பில் ஏறியது. இரண்டாவது தடவையும் அப்படியே. அவள் சின்னக் கத்தியைப் போட்டுவிட்டுப் பெரிய வெட்டுக்கத்தியை எடுத்து ஓங்கிப் போட்டாள். சில்லு பறந்து ஒரு அம்மாளின் கன்னத்தில் பட்டது.

"என்னம்மா இது, கண்ணு போயிருக்கும்!" என்றாள் அந்த அம்மாள்.

மாமா தராசிலிருந்து எழுந்தார். "காது கேக்கல, கை நிக்கல, இடுப்பு கத்துது. இவளையே கொக்கியில மாட்டினா யாராவது வாங்குவீங்களா?" என்றார். சிரிப்பு எழுந்தது. பயத்தில் இருக்கிற கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கும்.

அவர் சொன்னது அக்காவுக்குக் கேட்டிருக்காது. சிரித்த வாய்களைப் பார்த்தாள். "என்ன சொன்ன?" என்றாள்.

மாமா வெட்டுக்கட்டைக்கு வந்தார். இடது கையைக் கட்டைமேல் ஊன்றி அவள் காதருகே குனிந்து, "நீ போய் உக்காரு. நான் வெட்டுறேன்" என்று ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். பேசிக்கொண்டே வலது கையால் அவள் இடுப்பைப் பிடித்து ஒதுக்கித் தள்ளினார்.

கத்தி இறங்கியது.

எலும்பில் கத்தி இறங்கும் சத்தத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறவன் நான். அதே சத்தம்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் ஆட்டுக்கறிக்கு நடுவில் கிடந்தன. ரத்தம் கட்டையிலிருந்து வரிசையில் நின்றவர்கள் காலில் வழிந்தது. மாமா தன் கையைப் பார்த்தார். "எடை போடாதீங்க, எடை போடாதீங்க" என்று யாரிடமோ சொன்னார்.

அக்கா கத்தியை மறுபடி ஓங்கினாள். ஓங்கியபடி அவரை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். அப்போது 'டொப்' என்று கேட்டது.

வலது கால் உள்பக்கமாகத் திரும்பி, மரம் சாய்வதுபோல அப்படியே விழுந்தாள். விழுந்தும் கத்தியை விடவில்லை. படுத்த வாக்கிலேயே அவர் காலைப் பார்த்து வீசினாள். அவர் பூட்ஸின் ஓரம் கிழிந்தது. நான் அவள் மணிக்கட்டை மிதித்துக் கத்தியைப் பிடுங்கினேன். என் காலுக்கடியில் அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

யாரோ ஓடிப்போய் மகளைக் கூட்டி வந்தார்கள். வந்தவள் வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு கட்டைமேல் கறியை விலக்கி இரண்டு விரலையும் தேடி எடுத்தாள். நான் ஐஸ் தூளை வாரினேன். "நேரா ஐஸ்ல வைக்கக் கூடாது ஐஸ் மாமா, செத்துப்போயிரும்" என்று சொல்லி, ஈரத்துணியில் சுற்றிப் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்தாள். அவள் பல் கிட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கை சரியாக வேலை செய்தது.

இருவரையும் என் வண்டியில்தான் ஏற்றினோம். அக்கா பின்னால் சாக்குகளின்மேல், பக்கத்தில் மகள். மாமா முன்னால் என்னோடு. கையில் சுற்றிய துண்டு சிவந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவர் கேட்டார்.

"தம்பி, என்ன சொல்லப்போறோம்?"

"யார்கிட்ட?"

"ஆஸ்பத்திரியிலதான். கை நழுவிருச்சுன்னு சொல்லலாமா? நீ பாத்தேல்ல?"

இதே கேள்வியை இதே வண்டியில் அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு காலை, நான் ஐஸ் பாளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கடையின் பின்வாசல் வழியாக நுழைந்தேன். குளிர் அறைக்கு மூன்று படி உண்டு. மேல்படியில் அக்கா கறித்தட்டோடு நின்றாள். மாமா கீழேயிருந்து ஏறிப்போய், இரண்டு கையாலும் அவளைப் பிடித்து இழுத்துப் படியோடு கீழே தள்ளினார். தட்டு பறந்தது. சிமெண்ட் தரையில் இடுப்பு மோதிக் கிடந்தவளை, அந்த இடத்திலேயே காலால் ஒரு உதை. பிறகுதான் என்னைப் பார்த்தார். அது அவர்களுக்குள் முதல் அடியும் இல்லை. சுவர் ஒன்றுதான், எனக்கு எல்லாம் கேட்கும். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எப்படி விழுந்தாங்க என்று கேட்டபோது மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தரை ஈரம் டாக்டர், வழுக்கிருச்சு" என்று நான் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வழுக்கி விழுந்த கதைதான் போனது.

"இந்தத் தடவை முப்பது பேர் பாத்திருக்காங்க மாமா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு விரலை ஒட்டவைத்தார்கள். சுண்டு விரல் பிழைக்கவில்லை. அக்காவுக்குப் பார்த்த எலும்பு டாக்டரம்மா இளம் வயது, வார்த்தையை அளந்து பேசுகிறவர். ரத்தத்தை எங்கேயோ தூரத்துக்கு அனுப்பிப் பரிசோதித்து, நாலாவது நாள் மகளையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இவங்களுக்கு வச்ச பந்து கோபால்ட், குரோமியம் கலந்த உலோகம். கிண்ணமும் அதேதான். ரெண்டும் உரசி உரசித் தேயுது. தேய்ஞ்ச தூள் சதைக்குள்ள இறங்குது. கொஞ்சம் கரைஞ்சு ரத்தத்துல கலக்குது. ரத்தத்துல அது ஒண்ணு இருக்கலாம்னா இவங்களுக்கு நூறைத் தாண்டியிருக்கு. காது போனது, கை நடுக்கம், வாய்க்கசப்பு எல்லாம் அதனாலதான். இதயமும் பலவீனமாயிருக்கு."

"கோபம்?" என்று கேட்டாள் மகள்.

"சிலருக்கு மனசையும் பாதிக்கும். குணமே மாறிப்போனவங்க உண்டு."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாலு நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். "அப்ப அது அம்மா இல்ல மாமா. எங்கம்மா இல்ல" என்றாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. முடிந்து வந்த டாக்டரம்மாவின் முகம் வாடியிருந்தது. "திறந்ததும் சீழ்னு நினைச்சோம். சீழ் இல்ல, சாம்பல் நிறத்துல கிரீஸ் மாதிரி. பம்ப் வச்சு உறிஞ்ச வேண்டியிருந்தது. சுத்தியிருந்த தசை பாதி செத்துப்போச்சு. அதனாலதான் அன்னைக்குப் பந்து கழண்டு வெளிய வந்திருக்கு. எலும்பையும் அரிச்சிருக்கு. இத்தனை நாள் எப்படி இதோட நின்னு வேலை பாத்தாங்கன்னு எனக்குத் தெரியல" என்றார். கழற்றியதை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்திருக்க வேண்டிய பந்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கி, நகத்தால் கீறினதுபோல ஆயிரம் கோடுகள். பந்தைத் தாங்கி எலும்புக்குள் இறங்கும் தண்டின் கழுத்தில் கறுப்பாக அரிப்பு. மகள் தொடவில்லை. நானும் தொடவில்லை.

மாமாவுக்கு அந்த உலோகம் நல்ல நேரத்தில் கைகொடுத்தது. கட்டுப்போட்ட கையோடு வார்டு வார்டாக நடந்து எல்லாரிடமும் சொன்னார். "எம் பொண்டாட்டிமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவளா செஞ்சா? உள்ள இருந்த விஷம் செஞ்சது. பாவம், அவளுக்கே தெரியாது." ரொட்டியும் சூப்பும் வாங்கி வந்து அவளுக்கு ஊட்டினார். நர்சுகள் அவரைப் பார்த்து உருகினார்கள். அக்கா சூப்பைக் குடித்தாள்.

மூன்று வாரம் கழித்து வாக்குமூலம் எழுத போலீஸ் அம்மா வந்தார். அதற்குள் அக்காவின் வலது காது ஓரளவு திரும்பியிருந்தது. கை நடுக்கம் குறைந்திருந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் மகள். நான் சாமான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"உங்க வீட்டுக்காரர் புகார் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டார்" என்றார் போலீஸ் அம்மா. "டாக்டரும் சான்று குடுத்திருக்காங்க. அந்த நேரம் உங்களுக்குச் சுயநினைவு சரியா இல்லைன்னு நீங்களும் சொன்னா, பெரிய சிக்கல் இருக்காது. சொல்றீங்களா?"

"சொல்லும்மா" என்றாள் மகள். "ஆமான்னு சொல்லு."

அக்கா தன் கையைப் பார்த்தாள்.

"ஒரு நாயை அடிச்சுக் கொன்னேன்" என்றாள். "அது நானில்ல. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்குக் காரணம் தெரியல. தையக்காரர் மூஞ்சியில ஈரலைப் போட்டேனே, அதுவும் நானில்ல. அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஆனா இது நான்தான்."

"அம்மா!"

"சும்மா இருடி. அந்த உலோகம் என் காதைத் தின்னுச்சு, கையை நடுங்க வச்சுச்சு. கை நடுங்காம இருந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்காது. நான் குறி வச்சது விரலுக்கு இல்ல."

மாமா சிரித்தார். "பாத்தீங்களா மேடம், இன்னும் தெளியல."

"தெளிஞ்சுதான் பேசுறேன். என் இடுப்பு எப்படி ஒடஞ்சதுன்னு கேளுங்க மேடம்."

"வழுக்கி விழுந்தீங்க" என்றாள் மகள்.

"அந்த ஐஸ்காரனைக் கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். ஏழு வருஷத்துக்கு முன் பார்த்த அதே பார்வைதான்.

"வழுக்கல" என்றேன். "மாமாதான் தள்ளினாரு. குளிர் அறைப் படியில இருந்து. விழுந்த பிறகு இடுப்பு மேலேயே உதைச்சாரு. நான் பாத்தேன். டாக்டர் கேட்டப்போ பொய் சொன்னேன்."

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டேய், உதைச்சேனா? உதைக்கவே இல்ல! வாய்க்கு வந்ததைச் சொல்லாத. தள்ளத்தான் செஞ்சேன், அதுவும் மெதுவா. மொத்தமே மூணு படிதான்!"

போலீஸ் அம்மா தலை நிமிரவில்லை. "எத்தனை படி?" என்று கேட்டார்.

"மூணு" என்றார் மாமா.

பேனா ஓடியது. அதற்கப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மகளைப் பார்த்தார். அவள் எழுந்துபோய் அவர் கொண்டுவந்த சூப்புப் பாத்திரத்தை எடுத்து, அவர் நெஞ்சில் படும்படி வீசினாள். சூடு ஆறியிருந்தது. அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். அந்த ஆஸ்பத்திரிக்கு அப்புறம் வரவில்லை.

வழக்கு இரண்டாக நடந்தது. டாக்டரம்மாவின் சான்றை நீதிபதி எடுத்துக்கொண்டார், அக்கா என்ன சொல்லியிருந்தாலும். ஒரு வருஷம் வாரத்துக்கு ஒருநாள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாள். மாமாவின் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அவர் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். பொய் சொன்னதற்காக என்னையும் ஒருநாள் முழுக்கக் சாட்சிக் கூண்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். கேட்கட்டும்.

அக்கா இப்போது உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டுகிறாள். வலது கால் முக்கால் அங்குலம் குட்டை. புதுப் பந்து பீங்கானாம், கிண்ணம் பிளாஸ்டிக்காம். இடது காது வரவே இல்லை, வராது. ஆட்டைத் தூக்க ஆள் வைத்திருக்கிறாள். தராசில் மகள் உட்காருகிறாள், கிண்டலெல்லாம் கிடையாது. வரிசை முன்பைவிடச் சின்னதுதான். தையல்காரர் வருகிறார்.

ஐஸ் மட்டும் அவள் என்னிடம் வாங்குவதில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கிற டிப்போவிலிருந்து அவளுக்கு வண்டி வருகிறது. தினமும் காலையில் அது என் வாசலைத் தாண்டிப்போய் அவள் கடையில் நிற்கும். பார்த்தால் தம்பி என்று கூப்பிடுவாள், உடம்பு எப்படி என்று கேட்பாள். அவ்வளவுதான்.

போன வாரம் மனசு கேட்காமல் போய் நின்றேன். அவள் ஒரு தொடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முன்பு அரை நிமிஷத்தில் முடிப்பதற்கு இப்போது இரண்டு நிமிஷம் ஆனது.

"அக்கா, நம்ம ஐஸ்ல ஏதாவது குறையா?" என்று அவள் வலது காதுப் பக்கமாகப் போய்க் கேட்டேன்.

கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்து பார்த்தாளே, அதற்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று தோன்றியது.

"ஐஸ்ல ஒரு குறையும் இல்ல தம்பி" என்றாள்.

பிறகு எனக்குப் பின்னால் நின்றிருந்தவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று சத்தமாகக் கேட்டாள். நான் விலகி அவருக்கு வழிவிட்டேன்.